துருக்கிக்காரர் படத்தில் ஓர் ஆரணி வாய்

1

முதலில் நான் கட்டியதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கிழவன் பெருமை அடிக்கிறான் என்று பிறகு சொல்லிக்கொள்ளுங்கள். பெருமைதான் அடிக்கிறேன், அதில் என்ன வெட்கம்.

ஜெர்மனியில் டூயிஸ்பர்க் என்கிற ஊரில், இரும்பு ஃபேக்டரிக்குப் போகிற பெரிய ரோட்டின்மேல், பதினாறு மேஜை போட்ட சாப்பாட்டுக் கடை. நான் எடுக்கும்போது அது சைக்கிள் ரிப்பேர் கடை. தரையில் படிந்திருந்த கிரீஸை நானும் என் வீட்டுக்காரி சரோஜாவும் கரண்டியால் சுரண்டி எடுத்தோம். அந்த வட்டாரத்தில் முதல் இட்லி வெந்தது என் அடுப்பில். இட்லித் தட்டு கிடைக்கவில்லை. வெல்டிங் வேலை பார்த்த ஒரு துருக்கிக்காரரிடம் அட்டையில் படம் போட்டுக் காட்டி, அடித்து வாங்கினேன். அவர் இட்லியைக் கண்ணால் பார்த்ததில்லை, குழியை ஆழமாகப் போட்டுவிட்டார். அதனால் எங்கள் இட்லி குண்டு. அந்தக் குண்டு இட்லிக்கென்றே பக்கத்து ஊரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

குடியிருக்க மூன்று மாடி வீடு. எங்கள் ஆரணி கொசப்பாளையத்தில் தம்பி தாமோதரனுக்கு ஆறு பவர்லூம். களம்பூரில் நான் மூட்டை தூக்கிய அதே ரைஸ் மில்லுக்கு இன்றைக்கு நெல் ஏற்றிக்கொண்டு போகிற லாரி என் தங்கச்சி மகனுடையது. ஒரே மகள், ஜெர்மன் வாத்தியார். ஜெர்மன்காரப் பிள்ளைகளுக்கே ஜெர்மன் சொல்லித் தருகிறாள்.

இத்தனையும் ஐந்தாம் வகுப்பை முழுசாக முடிக்காதவன் செய்தது. தமிழ் எழுதுவேன், படிப்பேன். ஜெர்மன் எழுத வராது, வாயால் மட்டும்தான். அந்த வாயைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். ஏனென்றால் கடைசியாக நான் கட்டிய ஒன்று கண்ணுக்குத் தெரியாது, காதில்தான் விழும். அது ஒரு சினிமாவில் இருக்கிறது. இங்கே பிழைக்க வந்த துருக்கிக்காரர்களைப் பற்றிய படம். படம் முடிந்து ஓடுமே ஒரு பேர்ப் பட்டியல், அதில் என் பேரை எப்படிப் போடுவது என்று ஒரு ரூமில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மாசம் பட்டியல் முடிவாகிவிடும். அதற்குள் ஊர்க்காரர்களுக்கு நடந்தது தெரிந்திருக்க வேண்டும்.

2

வேலூர் பக்கத்து முதலாளி ஒருவர் இங்கே இந்திய ஓட்டல் திறந்தபோது காய் நறுக்க என்னைக் கூட்டி வந்தார். நாலு மாசத்தில் ஓட்டலை மூடிவிட்டார். எதிர்ச் சாரியில் ஹசன் உஸ்தாவின் கடை. உஸ்தா என்றால் துருக்கியில் கை தேர்ந்தவர். நம் பக்கத்தில் வஸ்தாது என்போமே, அதேதான். நிலக்கரிச் சுரங்கத்து வேலைக்கு வந்து, முதுகு போய், சமையலுக்கு இறங்கிய மனிதர். ரோட்டில் நின்ற என்னிடம் வெங்காயம் உரிக்கத் தெரியுமா என்று சைகையில் கேட்டார். ஒரு மூட்டையை உரித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அங்கே இருபத்திரண்டு வருஷம் இருந்தேன்.

பேர் என்ன என்றார். கன்னியப்பன் என்றேன். இரண்டு மூன்று தரம் மென்று பார்த்துவிட்டு, "கெனான்" என்றார். அவர்கள் ஊரில் அப்படி ஒரு பேர் உண்டாம். அன்றிலிருந்து நான் கெனான். ஆபீஸில் வேறு கூத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பேர் இருந்ததால் அதையே குடும்பப் பேராக எழுதிக்கொண்டார்கள். எங்கள் அப்பா முனுசாமி கூலித் தறி நெய்தவர், வேலூரைத் தாண்டியதில்லை. அவரைத்தான் இந்த நாட்டு ஆபீஸ்களில் "ஹெர் முனுசாமி" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து போவேன். சமையல்கட்டில் கெனான், ஆபீஸில் முனுசாமி. சரோஜா புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். ஆக, கன்னியப்பன் என்று கூப்பிட இந்த நாட்டில் ஓர் ஆள் கிடையாது. இதை ஒரு குறையாக நான் அப்போது நினைக்கவில்லை. வேலை அப்படி.

பாஷை எனக்குச் சுலபமாக வந்தது. எனக்கே ஆச்சரியம். தட்டு ரெடியானால் "ஹாஸர்" என்று கத்த வேண்டும். நம்ம கோர்ட்டில் சொல்கிற ஆஜர்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் கூட்டம் தாங்காமல் உஸ்தா கரண்டியை வீசிவிட்டு "பெஸார் ஓல்தும்" என்றார். எனக்கு மயிர்க்கால் நட்டுக்கொண்டது. பேஜார். எங்கம்மா ஒரு நாளைக்குப் பத்து தரம் சொல்கிற வார்த்தை. ஜெர்மன் இவ்வளவு லேசா, இதற்கா ஜனங்கள் காலேஜுக்குப் போகிறார்கள் என்று தம்பிக்குக் கடிதமே எழுதினேன்.

எட்டு மாசம் கழித்து வெளிநாட்டுக்காரர்களுக்கான விசா ஆபீஸுக்குப் போனேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா ஏதோ கேட்டார். கற்ற வித்தையை எல்லாம் காட்டினேன். முதலாளி நல்லவர், ரூம் இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, ஒரு பேஜாரும் இல்லை என்று கோர்வையாகச் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஃபோன் செய்தார். ஓர் ஆள் வந்தார். அவர் என்னோடு பேசினார், நானும் பதில் சொன்னேன். அவருக்கு முகம் மெல்ல மாறியது. நீ எந்த ஊர் என்றார். இந்தியா என்றேன். அவர் துருக்கி மொழிபெயர்ப்பாளர். "தம்பி, இவ்வளவு நேரம் நீ பேசியதில் ஜெர்மன் ஒரு வார்த்தைகூட இல்லை" என்று துருக்கியில் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எட்டு மாசம் துருக்கியை ஜெர்மன் என்று படித்த ஆள் இந்த நாட்டில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

பிறகு நிஜ ஜெர்மனையும் உஸ்தாவிடம்தான் கற்றேன். அந்தப் பாஷையில் மேஜை ஆண், விளக்கு பெண், சின்னப் பெண்பிள்ளை மட்டும் இரண்டும் இல்லாதது. உஸ்தா இந்த அக்கப்போரை ஒத்துக்கொள்ளவே இல்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டார். "நான் நாளை ஆபீஸ்." "நீ நேற்று எங்கே." இவ்வளவுதான் வாக்கியம். தெருவுக்கு ஷ்ட்ராஸெ என்று பேர். அவர் வாயில் அது ஷிட்டிராஸெ. நம் ஊரில் ஸ்கூல் இஸ்கூல் ஆகிற மாதிரி. இல்லை என்று சொல்லத் தலையை ஆட்டமாட்டார். புருவம் மேலே ஏறும், நாக்கு ஒரு 'ச்' கொட்டும். இத்தனையும் அப்படியே எனக்கு இறங்கிவிட்டது. இன்றைக்கும் நான் ஜெர்மன் பேசினால் ஹசன் உஸ்தா பேசுகிற மாதிரி இருக்கும்.

3

மகளுக்குச் செல்வி என்று பேர் வைத்தோம். உஸ்தா சந்தோஷப்பட்டுப் போனார். துருக்கியில் செல்வி என்றால் ஒருவகை மரமாம், நெடுநெடுவென்று நேராக வளருமாம், பெண்களுக்கும் வைக்கிற பேராம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவளைத் துருக்கிப் பெண் என்றே நினைத்தார்கள். அவளும் இல்லை என்று சொல்லவில்லை. இந்தியா என்றால் பாம்பு, யானை என்று கேட்பார்கள், துருக்கி என்றால் ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுவார்கள் என்று பிற்பாடு சொன்னாள்.

பன்னிரண்டு வயதிருக்கும்போது, பெற்றோர் கூட்டத்துக்கு இனிமேல் அம்மாவை மட்டும் அனுப்புங்கள் என்றாள். அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாதே என்றேன். அதனால்தான் என்றாள்.

"நீங்க வாயத் தொறந்தா துருக்கி சமையக்காரர் மாதிரியே பேசிகினு இருக்கீங்கப்பா. எல்லாம் சிரிக்கிறாங்க."

"துருக்கி சமையக்காரர்தாம்மா நமக்குச் சோறு போட்டாரு."

ஆரணியில் சேர்ந்தாற்போல் ஒரு மாசம் தங்கியிராத பெண், எல்லாம் சிரிக்கிறாங்க என்பதை நல்ல ஆரணித் தமிழில் சொன்னாள் பாருங்கள், அந்தப் பெருமையில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஆனால் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவள் ஜெர்மன் வாத்தியார் ஆனதற்கு என் ஜெர்மன்தான் காரணம் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். அவர்கள் பாராட்டு என்று நினைத்துக்கொள்வார்கள்.

4

ஹசன் உஸ்தா போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. அவருக்கு ஒரே மகள், எலிஃப். பெர்லினில் சினிமா படித்து அங்கேயே இருக்கிறாள். என்னை 'கெனான் அம்ஜா' என்பாள். அம்ஜா என்றால் சித்தப்பா. போன வருஷம் ஒரு மதியம் கடைக்கு வந்தாள். முகம் சரியில்லை. சொந்த அப்பாவின் கதையைப் படமாக எடுக்கிறாள், சுரங்கத்திலிருந்து சமையல்கட்டு வரைக்கும். அப்பா வேஷத்துக்கு டெனிஸ் என்று ஒரு நடிகன். எல்லாம் பொருந்துகிறது, பேச்சு மட்டும் பொருந்தவில்லை. எங்கே தப்பு என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

நான் டீயை வைத்துவிட்டு, வழக்கம்போல், "நீ முதல் குடி, சக்கரை ரெண்டு, பேச்சு பின்னாடி" என்று என் ஜெர்மனில் சொன்னேன். எலிஃப் கப்பைக் கீழே வைத்தாள். இன்னொரு தரம் சொல்லுங்கள் அம்ஜா என்றாள். சொன்னேன். கண் கலங்கிவிட்டது. என்னம்மா, டீ சுட்டுவிட்டதா என்று கேட்டேன்.

"இல்ல அம்ஜா. எங்கப்பா பேசற மாதிரி இருக்கு."

அப்படித்தான் பதினோரு நாள் அவர்கள் ஒத்திகை ரூமில் போய் உட்கார்ந்தேன். கடையை சரோஜாவிடம் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு. "பேசறதுக்குன்னு ஆள் வச்சி கூப்புடறாங்களா? இத்தினி வருஷமா நான் சும்மாவே கேட்டுகினு கெடக்கறனே" என்றாள் சரோஜா.

டெனிஸ் ரத்தத்தில் துருக்கி. பிறந்தது, படித்தது பெர்லின். அவன் துருக்கி பேசினால் ரேடியோ செய்தி மாதிரி இருக்கும், ஜெர்மன் பேசினால் புஸ்தகம் மாதிரி இருக்கும். தப்பாகப் பேசு என்றால் தப்பாகப் பேசினான். ஆனால் அது உஸ்தாவின் தப்பு இல்லை. வாய்க்கு வந்ததை உடைத்தான். உஸ்தா எதையும் உடைத்ததில்லை, வேண்டாததை மட்டும் தள்ளிவிட்டவர். இந்த வித்தியாசத்தை அவனுக்குப் புரிய வைக்க மூன்று நாள் ஆயிற்று. இல்லை என்பதற்கு அவன் தலையை ஆட்டினான், ஜெர்மன்காரன் மாதிரி. புருவத்தைத் தூக்கடா என்றேன். இரண்டு புருவத்தையும் கண்ணையும் சேர்த்துத் தூக்கி, பேயைக் கண்டவன் மாதிரி நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "துருக்கிக்காரனா எப்படி இருக்கணும்னு ஒரு இந்தியாக்காரர் எனக்குச் சொல்லித் தராரு" என்று எலிஃபிடம் முறையிட்டான். நான் சொன்னேன், "துருக்கிக்காரனா இருக்க எனக்குத் தெரியாதுப்பா. ஹசன் உஸ்தாவா இருக்கறது எப்படின்னு மட்டும்தான் தெரியும்." மறுநாள் அவனே எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான்.

எலிஃபுக்கும் எனக்கும் இரண்டு வார்த்தையில் வழக்கு வந்தது. முதலாவது பேஜார். வசனத்தில் அந்த வார்த்தை வந்ததும், இது எங்கள் ஆரணி வார்த்தை, எங்களிடமிருந்துதான் உங்கள் பக்கம் போனது என்று அடித்துச் சொன்னேன். எலிஃப் துருக்கி அகராதியை எடுத்துக் காட்டினாள். அவர்களுக்கும் இருக்கிறது. எங்கள் பக்கம் நவாப் காலத்தில் வந்ததாம், அவர்கள் பக்கம் அதற்கும் முன்னால். சரி, தோற்றேன். நான் தோற்றால் ஒத்துக்கொள்கிறவன்.

இரண்டாவது வார்த்தைக்கு அவளே ஒரு பெரிய கதை வைத்திருந்தாள். அப்பா அடிக்கடி சொல்வார், எந்த அகராதியிலும் இல்லை. பெரிய படிப்பு படித்தவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். அப்பாவின் கிராமத்துக்கே போய்க் கிழவர்களைக் கேட்டிருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது, பக்கத்து ஊர் வார்த்தையாக இருக்கும் என்றார்களாம். பக்கத்து ஊரில் இவர்களைக் கைகாட்டினார்களாம். வழக்கொழிந்த பழைய மலைக்கிராமத்துச் சொல் என்று திரைக்கதையில் குறித்தே வைத்திருந்தாள்.

என்ன வார்த்தை என்றேன்.

"சும்மா."

நான் சிரித்த சிரிப்பில் டெனிஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மதியக் கூட்டம் முடிந்து மூன்று மணிக்குச் சமையல்கட்டில் நாங்கள் இரண்டு பேரும் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருப்போம். என்ன பண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்பார். சும்மா என்பேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அப்புறம் தினம் மூன்று மணிக்கு, "கெனான், சும்மா?" என்பார். "சும்மா உஸ்தா" என்பேன். அவருடைய மலைக்கிராமத்துச் சொல் கொசப்பாளையத்திலிருந்து போனது.

எலிஃப் சிரிக்கவில்லை. வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

5

ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. படத்தின் உயிரே அந்த வார்த்தையில்தான் இருக்கிறது.

எலிஃப் பெர்லினில் படிக்கும்போது உஸ்தா ஃபோன் செய்வார், மகளிடமும் ஜெர்மனில்தான் பேசுவார். இவள் எடுக்கமாட்டாள். அப்பாவின் ஜெர்மனைப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள் என்று. மெஷினில் அவர் குரல் பதிவாகும். கடைசியாக வந்தது ஒரே வரி. "கிஸம், நான் சும்மா டெலிஃபோன்." கிஸம் என்றால் என் மகளே. அதை அழித்துவிட்டாள். அடுத்த வாரம் உஸ்தா இல்லை. அதற்குப் பிறகு அந்தக் குரலைத் தேடாத இடமில்லை. ஒரு டேப்பும் இல்லை.

அந்த வரியை டெனிஸ் நாற்பது தரம் சொல்லிப் பார்த்தான். நல்ல நடிகன், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு தரமும் சாகப்போகிறவன் மாதிரி சொன்னான். உஸ்தாவுக்குத் தான் சாகப்போவது தெரியாதே. கடையை மூடிவிட்டுக் கைதுடைத்துக்கொண்டு சொல்கிற வார்த்தை அது. எலிஃப் என்னிடம் வந்து, அம்ஜா, பக்கத்து ரூமிலிருந்து நீங்கள் ஒரு தரம் ஃபோனில் சொல்லுங்கள், அவன் கேட்கட்டும் என்றாள். போனேன். ஃபோனை எடுத்தேன். எனக்கு நடிக்கத் தெரியாது. என் மகள் செல்வி ஞாயிற்றுக்கிழமை எடுக்காதபோது நான் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது எலிஃப் தரையில் உட்கார்ந்திருந்தாள். டெனிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். மைக் பிடித்த ஆள், இது பதிவாகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னான்.

படத்தில் இருப்பது அதுதான். இருட்டுத் திரை, மகள் முகம், ஃபோனில் அப்பா குரல். அந்தக் குரல் நான். ஆரணிக்காரர்கள் அந்தப் படத்தை எப்போதாவது பார்த்தால் அந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

6

தம்பி தாமோதரனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. மறுவாரமே ஃபோனில், "அண்ணே, பேனர் அடிக்கச் சொல்லிட்டேன். ஜெர்மன் சினிமாவில் ஆரணி மைந்தன். உன் ஃபோட்டோல கூலிங் கிளாஸ் போட்டுக் குடுக்கறேன்னு டிசைன் பண்றவன் சொல்றான், போட்டுடலாமா?" என்றான். பேர் வருமில்ல என்று கடைசியில் கேட்டான். வராமல் எங்கே போகும் என்று நானும் வீரமாகச் சொல்லிவிட்டேன்.

ஆனால் படத்துக்கு விளம்பர நோட்டீஸ் வந்தது. பெரிய எழுத்தில் ஒரு வரி. செல்வி படித்துச் சொன்னாள்: "இந்தப் படத்தில் பேசும் ஒவ்வொரு வாயும் எங்கள் வாய்."

அந்த வரிக்குப் பின்னால் இருக்கிற கோபம் எனக்குத் தெரியும். இந்த நாட்டு டிவியில் ரொம்ப நாள் துருக்கிக்காரன் என்றால் கத்தி வைத்திருப்பான், இல்லை காய்கறி விற்பான். அந்த வேஷத்தையும் வேறு யாரோ மீசை ஒட்டிக்கொண்டு போடுவான், அவர்கள் பேச்சைக் கிண்டலாகப் பேசிக் கைதட்டல் வாங்குவான். தன் படத்தில் அது நடக்காது, எங்கள் கதையை நாங்களேதான் பேசுவோம் என்று எலிஃப் சபதம் போட்டு எடுத்தாள். நியாயம். என் கடையை ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுக்க வந்து, தலைப்பாகை கட்டிக்கொள்ளுங்கள் என்றார். கல்யாணத்தன்றைக்கே கட்டாதவன் நான். வெளியே அனுப்பிவிட்டேன். அந்த எரிச்சல் எனக்கும் தெரிந்ததுதான்.

அப்படிப்பட்ட படத்தில் அப்பாவின் குரலே ஓர் இந்தியாக்காரனுடையது என்று பட்டியலில் வந்தால் பத்திரிகைகள் சும்மா விடுமா? படத் தயாரிப்பாளர்கள் பயந்தார்கள். கடைசியில் 'நன்றி' என்று ஒரு பட்டியல் போடுவார்களாம், அதில் சேர்க்கிறோம் என்றார்கள். செல்வியைப் படிக்கச் சொன்னேன். ரொட்டிக்கடைக்கும் கார் நிறுத்த இடம் கொடுத்தவருக்கும் நடுவில் நான்.

செல்வி அவர்கள் பக்கம்தான் பேசினாள்.

"அவங்களுக்கே இப்பத்தாம்ப்பா அவங்க கதைய அவங்களே சொல்ல முடியுது. அதுல போயி நம்ம எதுக்கு மூக்க நீட்டணும்?"

"நான் நீட்டலம்மா. கூப்ட்டாங்க."

"கூப்ட்டாங்க, செஞ்சீங்க. பேரு எதுக்கு? ஊருல பேனர் வெக்கவா?"

பேனர் விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று சரோஜாவைப் பார்த்தேன். அவள் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

போன சனிக்கிழமை மதியம் எலிஃபே ஒரு தாளை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். டெனிஸும் கூட வந்தான். அவள் முகத்தில் சந்தோஷம். எல்லோரையும் சம்மதிக்க வைத்துவிட்டேன் அம்ஜா என்றாள். இனி 'நன்றி'யில் இல்லை, மேலே, தனி வரியில், பெரிய எழுத்தில். தாளை மேஜைமேல் வைத்து வாசித்தாள். 'பேச்சுப் பயிற்சி, தொலைபேசிக் குரல்: கெனான் உஸ்தா.'

உஸ்தா. அந்தப் பட்டத்தை உஸ்தாவின் மகளே எனக்குக் கொடுக்கிறாள். பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துவிட்டது. அவளுக்கும் சந்தோஷம், படத்துக்கும் பங்கமில்லை. கெனான் என்று படித்தால் யாருக்கும் சந்தேகம் வராது. டெனிஸ் கைதட்டினான். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

சனிக்கிழமை என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். புருவம் மேலே ஏறியது. நாக்கு ஒரு 'ச்' கொட்டியது. பிறகு ஜெர்மனில் பேசினாள். வாத்தியார் ஜெர்மன் இல்லை. என் ஜெர்மன், ஹசன் உஸ்தாவின் ஜெர்மன், ஆண் பெண் எதுவும் ஒட்டாத மொட்டை ஜெர்மன்.

"இது பேர் இல்லை. அப்பா பேர் கன்னியப்பன்."

இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் என் பேரை இன்னொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தரம். சமையல்கட்டிலிருந்து சரோஜா எட்டிப் பார்த்து, "அப்பன் பேரச் சொல்லிட்டா பாரு" என்றாள். திட்டுகிற குரல் இல்லை அது.

செல்வி தமிழுக்கு மாறி என்னிடம் சொன்னாள். "என்னையும் இப்படித்தாம்ப்பா துருக்கின்னு நெனச்சிகினாங்க. நானும் வாய மூடிகினு இருந்தேன். நீங்க இருக்காதீங்க."

எலிஃப் முகம் சுருங்கிவிட்டது. மரியாதைக்குத்தான் போட்டேன் அம்ஜா என்றாள். தெரியும்மா என்றேன். இந்தப் பேரைப் போட்டால் பத்திரிகையில் என்ன எழுதுவார்கள் தெரியுமா என்று கேட்டாள். அதற்கு நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், பிறகு மாற்றிச் சொன்னதாக ஆகக்கூடாது:

"உங்கப்பா தனியா நின்னு சமைக்கலம்மா. பக்கத்து அடுப்புல நான் நின்னேன். அவரு பேச்சு எனக்கு வந்துச்சு, என் பேச்சு அவருக்குப் போச்சு. நீ தேடின வார்த்தைய நான்தான் குடுத்தேன். என்னை எடுத்துட்டா அது உங்கப்பா கதை ஆகாது. பாதி ஆளோட கதை."

எலிஃப் பேனாவை எடுத்து, எப்படி எழுதுவது என்று செல்வியைக் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதினாள். சொல்லிப் பார்த்தாள். கன்-னி-யப்-பன். டெனிஸும் சொல்லிப் பார்த்தான். அவனுக்கு வரவில்லை, புருவம்தான் ஏறியது. என்னால் தனியாக எதுவும் முடிவு பண்ண முடியாது அம்ஜா, ஆனால் இதைத்தான் கொண்டுபோய்ப் போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். குண்டு இட்லி எட்டு கட்டிக் கொடுத்தேன்.

7

இன்னும் பதில் வரவில்லை. தம்பி பேனரை மடித்து வைத்திருக்கிறான்.

ஆகவே நான் கேட்பதை எழுத்தில் கேட்கிறேன். தமிழில் எழுதினால் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். செல்வி இதை ஜெர்மனில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இலக்கணத்தைத் திருத்தக்கூடாது என்று நான் கண்டிஷன் போட்டிருக்கிறேன்.

எலிஃப், படத்தை எடுத்த பெரியவர்களே, கேளுங்கள். காசு கேட்கவில்லை. சிவப்புக் கம்பளத்தில் நடக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. படம் துருக்கிக்காரர்களுடையது, ஹசன் உஸ்தாவுடையது, அதில் பங்கு கேட்கவில்லை. நான் செய்ததற்கு என் பேர். என் அப்பா பேர் வேண்டாம், அதை ஆபீஸ்காரர்கள் போதுமான அளவு கூப்பிட்டுவிட்டார்கள். கெனானும் வேண்டாம். அது உஸ்தா ஆசையாகக் கூப்பிட்ட பேர், அவரோடு போகட்டும்.

தனி வரியில் இப்படிப் போடுங்கள்: 'தந்தையின் குரலும் சும்மா என்ற சொல்லும்: கன்னியப்பன், ஆரணி.' ஊர்ப் பேரை விடக்கூடாது. எழுத்துகளை எண்ணிப் போடுங்கள், ஒன்றுகூடக் குறையக்கூடாது.

திரையில் அந்த வரி வரும்போது நான் கொட்டகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன், செல்வி பக்கத்தில். இத்தனை வருஷம் யாராரோ பேரைக் கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து போயிருக்கிறேன். இந்த ஒரு தரம் என் பேரைக் கூப்பிடுங்கள். கன்னியப்பன் ஆஜர்.